புழுச் சிகிச்சையில் தற்கண்காணிப்பு

புழுச் சிகிச்சை என்பது குடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டைகளையோ குடம்பிகளையோ (இளம்புழுக்களையோ) குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேண்டுமென்றே உடலுக்குள் செலுத்தி, ஒவ்வாமை, குடல் அழற்சி, தன்னுடல் தாக்குநோய் முதலியவற்றின் கடுமையைக் குறைக்க முயலும் சோதனை நிலை மருத்துவ முறை ஆகும். இம்முறையை மருத்துவமனைக்கு வெளியே, தம் வீட்டிலேயே மேற்கொள்வோர் புழுக்கள் உயிருடன் உள்ளனவா, எத்தனை உள்ளன, அவற்றால் உடலுக்குத் தீங்கு நேர்கிறதா என்பவற்றைத் தாமே அறிய முயல்வது தற்கண்காணிப்பு எனப்படும். நாட்குறிப்பு எழுதுதல், மலத்தை நுண்ணோக்கியில் ஆய்ந்து முட்டைகளை எண்ணுதல், ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் ஆகியன இதில் அடங்கும்.

புழுச் சிகிச்சை எந்த நோய்க்கும் ஏற்பளிக்கப்பட்ட சிகிச்சை அன்று. வீட்டில் மேற்கொள்ளப்படும் கண்காணிப்பின் பயனும் வரம்புக்கு உட்பட்டதே. முட்டைகளின் எண்ணிக்கை புழுக்கள் வாழ்வதைக் காட்டும்; நோய் குணமாவதைக் காட்டாது. இரத்தச்சோகை போன்ற தீங்குகளையும் அவ்வெண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அறிய முடியாது.

பின்னணி

கொக்கிப்புழு, சாட்டைப்புழு, உருளைப்புழு ஆகிய மண்வழிப் பரவும் புழுக்களால் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் தொற்றுக்கு ஆளாகியுள்ளதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கும் பெரும் இயக்கம் 1909ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிதியுதவியுடன் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஓரிடத்தில் நோயாகக் கருதி நீக்கப்படும் அதே புழு, மற்றோரிடத்தில் மருந்தாகக் கருதி விரும்பி ஏற்கப்படுவதன் காரணத்தைச் சுகாதாரக் கருதுகோள் விளக்க முயல்கிறது.

1989ஆம் ஆண்டில் பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்டிராக்கன், 1958 மார்ச் மாதத்தில் பிறந்த 17,414 பிரித்தானியக் குழந்தைகளின் தரவுகளை ஆய்ந்தார். மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த குடும்பங்களில் வளர்ந்தோரிடம் தூசுக் காய்ச்சல் எனப்படும் மூக்கு ஒவ்வாமை குறைவாக இருந்ததை அவர் கண்டறிந்தார். குழந்தைப் பருவத்தில் தொற்றுகள் குறைவதே ஒவ்வாமை பெருகுவதற்குக் காரணமாகலாம் என்பது அவருடைய கருத்து. 2003ஆம் ஆண்டில் கிரகாம் ரூக் இதனை மாற்றியமைத்து, மனிதருடன் நெடுங்காலம் வாழ்ந்து வந்த நுண்ணுயிரிகளும் புழுக்களும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பக்குவப்படுத்தும் "பழைய நண்பர்கள்" என்றும், அவை இல்லாத உடலில் அம்மண்டலம் கட்டுப்பாடு இழக்கிறது என்றும் விளக்கினார்.

புழுக்கள் தம் ஓம்புயிரின் உடலில் பல ஆண்டுகள் தங்குவதற்காக அதன் எதிர்ப்பைத் தணிக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகுவதும், இன்டர்லியூக்கின்-10 போன்ற அழற்சி தணிக்கும் பொருள்கள் மிகுவதும் இதன் வழிகள் ஆகும். புழு தன் பாதுகாப்புக்காகச் செய்யும் இச்செயல் நோயாளியின் அழற்சியையும் தணிக்கக்கூடும் என்பதே புழுச் சிகிச்சையின் அடிப்படை.

வரலாறு

புழுத் தொற்றைத் தம் உடலிலேயே கண்காணித்த முன்னோடிகளுள் ஒருவர் செருமானிய ஒட்டுண்ணியியல் அறிஞர் ஆர்தர் லூஸ் ஆவார். 1890களில் கெய்ரோவில் பணியாற்றியபோது, கொக்கிப்புழுக் குடம்பிகள் இருந்த நீர் தற்செயலாக அவருடைய கையில் சிந்தியது. அவ்விடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. பின்னர் தம் மலத்தைத் தாமே ஆய்ந்து வந்த அவர் அதில் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். குடம்பிகள் தோல் வழியாக உடலுக்குள் நுழைகின்றன என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இதனை அவர் 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1976ஆம் ஆண்டில் ஜே. ஏ. டர்ட்டன் என்னும் ஆய்வாளர், கொக்கிப்புழுத் தொற்றைத் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட பின் தம்முடைய தூசுக் காய்ச்சல் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரிச்சர்ட் கொக்கிப்புழுவைக் கொண்டு மருத்துவச் சோதனைகளைத் திட்டமிட்டபோது, பாதுகாப்பை அறியும் பொருட்டு முதலில் தம் உடலிலேயே தொற்றை ஏற்படுத்திப் பார்த்தார். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோயல் வைன்ஸ்டாக் தலைமையிலான குழு பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைப் பயன்படுத்திய ஆய்வுகளை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வாய்வுகளின் முடிவுகள் பரவியதைத் தொடர்ந்து, வழக்கமான மருந்துகளால் பயன் பெறாத நோயாளிகள் சிலர் புழுக்களை விலைக்கு வாங்கித் தாமே சிகிச்சை செய்துகொள்ளத் தொடங்கினர்.

அத்தகைய ஒருவரின் நேர்வு 2010ஆம் ஆண்டில் சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின் என்னும் ஆய்விதழில் வெளியானது. பெருங்குடல் புண் அழற்சி கொண்டிருந்த அவர் மனிதச் சாட்டைப்புழுவின் முட்டைகளை முதலில் 500, பின்னர் 1,000 என விழுங்கினார். அவருடைய நோய் சில ஆண்டுகள் அடங்கியிருந்து 2008ஆம் ஆண்டில் மீண்டும் தலைதூக்கியது. அப்போது மலத்தில் முட்டைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அவர் மேலும் முட்டைகளை உட்கொண்டபின் நோய் மீண்டும் தணிந்தது. புழுக்கள் குடியிருந்த குடற்பகுதியில் சளி சுரப்பது மிகுந்திருந்ததையும், இன்டர்லியூக்கின்-22 உண்டாக்கும் செல்கள் இருந்ததையும் திசு ஆய்வு காட்டியது. முட்டை எண்ணிக்கைக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை இந்நேர்வு வலுப்படுத்தியது. எனினும் இது ஒரே ஒரு மனிதரின் நேர்வு ஆகும்.

பயன்படுத்தப்படும் புழுக்கள்

* மனிதக் கொக்கிப்புழு (நெக்கேட்டர் அமெரிக்கானஸ்): குடம்பிகள் தோலின் மீது வைக்கப்படுகின்றன. முதிர்ந்த புழு சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். புழு சில ஆண்டுகள் வாழக்கூடியது.
* பன்றிச் சாட்டைப்புழு (டிரைக்கூரிஸ் சூயிஸ்): முட்டைகள் விழுங்கப்படுகின்றன. மனிதக் குடலில் இப்புழு பொதுவாக முழு வளர்ச்சி அடைவதில்லை. ஆகவே இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை முட்டைகளை மீண்டும் உட்கொள்ள வேண்டியுள்ளது.
* மனிதச் சாட்டைப்புழு (டிரைக்கூரிஸ் டிரைக்கியூரா): முட்டைகள் விழுங்கப்படுகின்றன. புழுக்கள் பெருங்குடலில் வாழ்கின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் முட்டைகள் மலத்தில் தோன்றும்.
* எலி நாடாப்புழு (ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா): மாவு வண்டு போன்ற பூச்சிகளின் உடலில் வளரும் இதன் இளம்பருவ உயிரிகள் பிரித்தெடுக்கப்பட்டு விழுங்கப்படுகின்றன. மனிதரிடம் இது பெரும்பாலும் நிலைப்பதில்லை.

மலத்தில் முட்டைகளை எண்ணும் கண்காணிப்பு மனிதக் கொக்கிப்புழுவுக்கும் மனிதச் சாட்டைப்புழுவுக்குமே முதன்மையாகப் பொருந்தும். மற்ற இரண்டிலும் முட்டைகள் காணப்படாமை இயல்பே. அவற்றில் முட்டை இல்லை என்பதைக் கொண்டு சிகிச்சை தோல்வியுற்றது என்று முடிவு செய்ய இயலாது.

தொற்றின் காலவரிசை

கொக்கிப்புழுக் குடம்பிகள் தோலில் நுழைந்த இடத்தில் சில நிமிடங்களிலோ மணிகளிலோ அரிப்பு தோன்றும். குடம்பிகள் இரத்த ஓட்டத்தின் வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கின்றன. இக்காலத்தில் சிலருக்கு இருமல் ஏற்படலாம். புழுக்கள் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் காலத்தில், அதாவது சற்றேறக்குறைய ஐந்தாம் வாரம் முதல், வயிற்றுவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றக்கூடும். இயோசினோஃபில் எனப்படும் வெள்ளையணுக்களும் இக்காலத்தில் பெருகுகின்றன. முட்டைகள் மலத்தில் தோன்றப் பொதுவாக ஐந்து முதல் ஒன்பது வாரங்கள் ஆகும்.

இக்காலவரிசையை அறிந்திருப்பது கண்காணிப்புக்கு இன்றியமையாதது. மூன்றாம் வாரத்தில் மலத்தை ஆய்ந்து முட்டைகளைக் காணாதவர் குடம்பிகள் இறந்துவிட்டதாகக் கருதி மேலும் குடம்பிகளை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு உள்ளது. அதனால் தேவைக்கு மேற்பட்ட புழுக்கள் குடலில் சேரும். குடல் நோயாளிகளுக்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஐந்தாம் வாரத்தில் தோன்றும் வயிற்றுப்போக்கு புழுவினால் வந்ததா, பழைய நோயினால் வந்ததா என்பதை அறிகுறிகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிவது கடினம்.

கண்காணிப்பு முறைகள்

நாட்குறிப்பு

குடம்பிகளை ஏற்ற நாள், எண்ணிக்கை, மலம் கழித்த தடவைகள், மலத்தின் தன்மை, வலி, உடல் எடை, உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை நாள்தோறும் குறித்தல் இதுவாகும். சிகிச்சைக்குப் பல வாரங்களுக்கு முன்பே குறிப்பைத் தொடங்கினால்தான் பின்னர் ஒப்பிட இயலும். குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்றவை தாமாகவே ஏறி இறங்கும் இயல்புடையவை. நோய் உச்சத்தில் இருக்கும்போதே பெரும்பாலோர் புதிய சிகிச்சையை நாடுவதால், அதன்பின் நிகழும் இயல்பான தணிவும் சிகிச்சையின் பயனாகத் தோற்றமளிக்கும்.

மல ஆய்வு

மிதவை முறை: தெவிட்டிய உப்புக் கரைசலின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 1.20 மடங்கு ஆகும். கொக்கிப்புழு முட்டையின் அடர்த்தி இதனினும் குறைவு. எனவே மலத்தை இக்கரைசலில் கரைத்து வடிகட்டினால் முட்டைகள் மேலே மிதக்கும். கழிவுகளில் பெரும்பகுதி கீழே தங்கும். எளிய கருவிகளே போதும் என்பதால் வீட்டில் இம்முறை விரும்பப்படுகிறது. நெடுநேரம் உப்புக் கரைசலில் இருந்தால் முட்டைகள் சுருங்கி உருக்குலையும்.

மக்மாஸ்டர் எண்ணும் அறை: ஆத்திரேலியாவின் சிட்னியில் இருந்த மக்மாஸ்டர் ஆய்வுகூடத்தில், ஆடுகளின் புழுக்களை எண்ணுவதற்காகக் கார்டன், விட்லாக் ஆகியோர் 1939ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். கோடுகள் பொறித்த இரண்டு அறைகள் கொண்ட இக்கண்ணாடித் தகட்டின் ஒவ்வோர் அறையிலும் கோடுகளுக்குக் கீழே 0.15 மில்லிலிட்டர் கரைசல் அடங்கும். 3 கிராம் மலத்தை மொத்தம் 45 மில்லிலிட்டர் ஆகுமாறு கரைத்து, இரண்டு அறைகளிலும் காணும் முட்டைகளைக் கூட்டி 50 ஆல் பெருக்கினால், ஒரு கிராம் மலத்தில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். கால்நடை மருத்துவத்தில் இன்றும் இது பரவலாகப் பயன்படுகிறது.

கேட்டோ-கட்ஸ் முறை: சப்பானில் 1954ஆம் ஆண்டில் தோன்றிப் பிரேசிலில் 1972ஆம் ஆண்டில் மேம்படுத்தப்பட்ட முறை. 41.7 மில்லிகிராம் மலம் அச்சின் துளையில் நிரப்பப்பட்டு, கிளிசரினில் நனைத்த செல்லோபேன் தாளால் மூடப்படுகிறது. காணும் முட்டைகளின் எண்ணிக்கை 24 ஆல் பெருக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் கள ஆய்வுகளில் இதுவே வழக்கமானது. கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய ஓடு கிளிசரினில் விரைவில் ஒளி ஊடுருவித் தெளிந்து மறைந்துவிடுமாதலால், தகட்டை 30 முதல் 60 நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை

இயோசினோஃபில் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய மூன்றும் இதில் முதன்மையானவை. இவற்றை ஆய்வுகூடத்திலேயே செய்ய இயலும். கர்ப்பம் இல்லாத வயதுவந்த பெண்களில் ஹீமோகுளோபின் லிட்டருக்கு 120 கிராமுக்கும், ஆண்களில் 130 கிராமுக்கும் குறைந்தால் அதனை இரத்தச்சோகை என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. ஃபெரிட்டின் அளவு அழற்சியின்போது உயரும் தன்மையுடையது. ஆகவே குடல் அழற்சி உள்ளவரிடம் ஃபெரிட்டின் இயல்பான அளவில் இருந்தாலும் இரும்புக் குறைபாடு மறைந்திருக்கலாம்.

முட்டை எண்ணிக்கையின் பொருளும் எல்லையும்

நாட்டிங்காம் குழு 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் உடல்நலம் உள்ள 10 தன்னார்வலர்களுக்கு 10, 25, 50 அல்லது 100 கொக்கிப்புழுக் குடம்பிகள் செலுத்தப்பட்டன. ஒரு கிராம் மலத்தில் 50 முட்டைகள் என்ற அளவை எட்டுவதே நோக்கம். அதற்கு 10 குடம்பிகளே போதுமானவை எனத் தெரிந்தது. குடம்பிகள் மிகுந்தபோது அரிப்பும் வயிற்றுக் கோளாறுகளும் மிகுந்தன.

இத்தகைய குறைந்த அளவில் எண்ணும் முறைகளின் வலிமை குறைவு. ஒரு கிராமில் 50 முட்டைகள் உள்ள மலத்தை மேற்கூறிய மக்மாஸ்டர் முறையில் ஆய்ந்தால் சராசரியாக ஒரே ஒரு முட்டைதான் கண்ணில் படும். முட்டைகள் சீராகக் கலந்திருப்பினும், நிகழ்தகவுக் கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 37 தடவைகள் ஒரு முட்டையும் தென்படாது. ஆகவே ஒரு முறை சுழியம், மறுமுறை 100 என்று வருவது புழுக்கள் இறந்து பிறந்ததைக் குறிக்காது. பல நாள்களின் மாதிரிகளை ஆய்ந்து சராசரி காண்பதே முறை.

எண்ணிக்கையைப் பாதிக்கும் வேறு காரணிகளும் உண்டு.

* புழு ஒரு நாளில் இடும் முட்டைகள் அன்றைய மலம் முழுவதிலும் பரவுகின்றன. நாளுக்கு 200 கிராம் மலம் கழிப்பவரிடம் ஒரு பெண்புழு கிராமுக்கு 25 முதல் 50 முட்டைகள் வரை காட்டும். வயிற்றுப்போக்கினால் மலத்தின் அளவு மூன்று மடங்கானால் அதே புழுவின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகக் குறையும்.
* புழுக்கள் பெருகப் பெருக ஒவ்வொரு பெண்புழுவும் இடும் முட்டைகள் குறைகின்றன. எனவே முட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு புழுக்களின் எண்ணிக்கையைத் துல்லியமாகக் கணிக்க இயலாது.
* ஆண்புழுக்கள் முட்டையிடுவதில்லை. ஆனால் அவையும் இரத்தம் உறிஞ்சுகின்றன.

இவற்றுள் முதலாவது காரணி குடல் நோயாளிகளைப் பெரிதும் குழப்பக்கூடியது. நோய் முற்றினால் வயிற்றுப்போக்கு மிகும். வயிற்றுப்போக்கு மிகுந்தால் முட்டை எண்ணிக்கை குறையும். இதனைக் காண்பவர் புழுக்கள் குறைந்ததால் நோய் முற்றியது என்று காரணத்தையும் விளைவையும் மாற்றிக் கருதி, மேலும் புழுக்களை ஏற்கத் துணியலாம்.

ஒரு நெக்கேட்டர் புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. பத்துப் புழுக்களால் இழப்பு 0.3 மில்லிலிட்டர்; இது பெரிதன்று. நூறு புழுக்கள் இருப்பின் இழப்பு 3 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் இரும்பு ஆகும். உணவிலிருந்து உடல் நாள்தோறும் பெறும் இரும்பின் அளவே 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதவிடாயினாலோ குடற்புண்ணினாலோ ஏற்கெனவே இரத்தம் இழப்பவர்களுக்கு இதனினும் குறைந்த எண்ணிக்கையே தீங்காகலாம். உலக சுகாதார அமைப்பு கிராமுக்கு 1,999 முட்டைகள் வரை உள்ள கொக்கிப்புழுத் தொற்றை இலேசான தொற்று என வகைப்படுத்துகிறது. அது மக்கள்தொகை ஆய்வுகளுக்கான வகைப்பாடு ஆகும்; தனி ஒருவருக்குத் தீங்கில்லை என்பதற்கான உறுதிமொழி அன்று.

தவறாக அடையாளம் காணல்

நுண்ணோக்கியில் பயிற்சி இல்லாதவர் காற்றுக் குமிழிகள், கொழுப்புத் துளிகள், மகரந்தத் தூள், ஈரப்பூஞ்சை, தாவர நார்கள் ஆகியவற்றைப் புழு முட்டைகள் என எண்ணிவிடுதல் இயல்பு. அளவு பார்த்தலே முதற் பாதுகாப்பு. கொக்கிப்புழு முட்டை 60 முதல் 75 மைக்ரோமீட்டர் நீளமும் 35 முதல் 40 மைக்ரோமீட்டர் அகலமும் கொண்டது. மெல்லிய ஓட்டினுள் சில செல்கள் தெரியும். சாட்டைப்புழு முட்டை இரு முனைகளிலும் அடைப்புக் கொண்ட பீப்பாய் வடிவினது. 50 முதல் 55 மைக்ரோமீட்டர் நீளமுள்ளது.

அளவும் வடிவமும் தீர்க்காத ஐயங்களும் உண்டு. நெக்கேட்டர் முட்டையையும், ஏறத்தாழ ஐந்து மடங்குக்கு மேல் இரத்தம் உறிஞ்சும் அன்சைலோஸ்டோமா டுயோடினேல் என்னும் மற்றொரு கொக்கிப்புழுவின் முட்டையையும் நுண்ணோக்கியில் வேறுபடுத்த இயலாது. குடம்பிகளை வளர்த்தோ மரபணுச் சோதனை செய்தோதான் அறிய முடியும். வாங்கிய புழு எது என்பதில் ஐயம் இருப்பின் வீட்டு ஆய்வு அதனைத் தீர்க்காது.

இதனினும் முக்கியமானது ஸ்டிராஞ்சிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ் என்னும் நூற்புழு ஆகும். புதிய மலத்தில் நெளியும் குடம்பிகள் காணப்பட்டால் அவை பெரும்பாலும் இப்புழுவினுடையவை. ஒரு நாளோ அதற்கு மேலோ வெளியில் வைக்கப்பட்ட மலத்தில் கொக்கிப்புழு முட்டைகளும் பொரித்துக் குடம்பிகள் ஆகின்றன. பழைய மாதிரியை ஆய்வதால் இவ்விரண்டும் மயங்கும். நூற்புழு உடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றிப் பல்லாண்டுகள் நிலைக்கவல்லது. ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோரிடம் அது கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைப் பறிக்கக்கூடும். குடல் அழற்சி நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு அடிக்கடி தரப்படுவதால், மலத்தில் குடம்பிகளைக் கண்டவர் உடனே மருத்துவரை அணுகி ஐயத்தை நீக்கிக்கொள்ள வேண்டியது கட்டாயமாகிறது.

மருத்துவச் சோதனைகளின் முடிவுகள்

குரோன் நோயாளிகள் 29 பேரைக் கொண்ட அயோவா ஆய்வில் (2005) மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 2,500 பன்றிச் சாட்டைப்புழு முட்டைகள் தரப்பட்டன. 24ஆம் வாரத்தில் 21 பேருக்கு (72.4%) நோய் அடங்கியிருந்தது. இதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அதே ஆண்டில் பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகள் 54 பேரிடம் மருந்துப்போலியுடன் ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆய்வில், முட்டைகள் பெற்ற 30 பேரில் 13 பேரும், மருந்துப்போலி பெற்ற 24 பேரில் 4 பேரும் முன்னேற்றம் கண்டனர்.

பின்னர் நடந்த பெரிய சோதனைகள் இவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குரோன் நோய்க்காக நடத்தப்பட்ட இரு சோதனைகள் 2013ஆம் ஆண்டில் தோல்வியுற்றன. ஐரோப்பியச் சோதனையின் முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளியாயின. 252 நோயாளிகள் பங்கேற்ற அச்சோதனையில் 7,500 முட்டைகள் பெற்றோரில் 47.2 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றோரில் 42.9 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. வெறும் மருந்துப்போலியாலேயே பத்தில் நான்கு பேருக்கு மேல் நலம் அடைந்தனர் என்பது வீட்டில் ஒருவர் தம் நாட்குறிப்பைக் கொண்டு செய்யும் முடிவுகளை எடைபோடுவதற்கு நல்ல அளவுகோல் ஆகும்.

டென்மார்க்கில் மூக்கு ஒவ்வாமை உள்ள 100 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் (2010) பன்றிச் சாட்டைப்புழு பயன் தரவில்லை. ஈழை நோயாளிகள் 32 பேரிடம் கொக்கிப்புழுவைக் கொண்டு நடத்தப்பட்ட நாட்டிங்காம் ஆய்விலும் (2010) குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

தண்டுவட மரப்பு நோயில் நிலைமை சற்று வேறானது. அர்ச்சென்டினாவில் கொரேயாலே, ஃபாரெஸ் ஆகியோர் இயற்கையாகப் புழுத் தொற்றுக்கு ஆளான 12 நோயாளிகளுக்கு நோயின் தாக்கம் குறைவாக இருந்ததை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் நால்வருக்குப் பின்னர் புழுநீக்க மருந்து தரப்பட்டபோது நோய் மீண்டும் வலுத்தது. ஆனால் நாட்டிங்காமில் 71 நோயாளிகளிடம் 25 கொக்கிப்புழுக் குடம்பிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், மூளையில் தோன்றிய புதிய பாதிப்புகளின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் இடையே போதிய வேறுபாடு காணப்படவில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மட்டும் புழு பெற்றோரிடம் மிகுந்திருந்தன.

இடர்கள்

* இரும்புக் குறைபாடும் இரத்தச்சோகையும்.
* தொடக்க வாரங்களில் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, சோர்வு.
* மனித மலத்திலிருந்து வளர்க்கப்படும் புழுக்களுடன் வேறு நோய்க்கிருமிகளும் வரக்கூடிய வாய்ப்பு. விற்பவர் கூறும் தூய்மையை வாங்குபவரால் சரிபார்க்க இயலாது.
* வீட்டிலேயே குடம்பிகளை வளர்த்தல். ஆய்வுக்காகவோ மறுபயன்பாட்டுக்காகவோ மலத்தை ஈரமாக வைத்து வளர்க்கும்போது ஐந்து முதல் பத்து நாள்களில் தோலைத் துளைக்கவல்ல குடம்பிகள் உருவாகின்றன. அவை வீட்டிலுள்ள பிறரையும் தொற்றக்கூடும்.
* ஏற்கெனவே பயன் தரும் மருந்துகளை நிறுத்திவிடுதல். புழுவின் மீது வைத்த நம்பிக்கையால் மருந்தை நிறுத்துவோருக்கு, புழுவினால் வரும் தீங்கைவிட நோயினால் வரும் தீங்கு பெரிதாகலாம்.

கொக்கிப்புழு முட்டைகள் நேரடியாகப் பிறரைத் தொற்றுவதில்லை. அவை வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் வளர்ந்த பின்னரே தொற்றும். ஆகவே முறையான கழிப்பறை உள்ள வீட்டில் பரவும் வாய்ப்பு குறைவு. திறந்த வெளியில் மலம் கழிக்கப்படும் வெப்பமண்டலப் பகுதிகளுக்கு இக்கூற்று பொருந்தாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்தச்சோகை உள்ளோர் ஆகியோருக்குத் தீங்கு மிகுதி.

தொற்றை முடித்தல்

புழுச் சிகிச்சையின் ஒரு நன்மை, தொற்றை எளிதில் முடிக்க இயல்வதாகும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் அல்லது மெபெண்டசோலும், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டலும் வழங்கப்படுகின்றன. சாட்டைப்புழு ஒரே வேளை மருந்துக்கு எளிதில் நீங்குவதில்லை. மருந்து உட்கொண்ட சில வாரங்களுக்குப் பின் மலத்தை மீண்டும் ஆய்வதால் தொற்று நீங்கியதை அறியலாம். புழுக்கள் நீங்கினாலும் இழந்த இரும்பு தானாக உடனே மீள்வதில்லை. எனவே இரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சிகிச்சைக்கான புழுக்களை உயிரியல் மருந்துப் பொருள்களாகக் கருதுகிறது. அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். எந்தப் புழுவையும் நோய்க்குரிய மருந்தாக அந்நிர்வாகம் ஏற்கவில்லை.

மதிப்பீடு

புழுக்களைத் தாமே ஏற்போரின் நடைமுறைகளை டியூக் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பார்க்கர் குழுவினர் திரட்டி 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டனர். பயன் பெற்றதாகக் கூறுவோர் பலர் அவற்றில் இடம்பெறுகின்றனர். ஒப்பீட்டுக் குழு இல்லாமையாலும், பயன் பெறாதோர் பெரும்பாலும் பேசாமல் விலகிவிடுவதாலும் இத்தகைய தொகுப்புகளைச் சோதனை முடிவுகளுக்கு இணையாகக் கொள்ள இயலாது. மறுபுறம், வழக்கமான மருந்துகளால் பயன் காணாத நோயாளிகள் இம்முறையை நாடுவதைத் தடை ஒன்றினால் மட்டும் நிறுத்த இயலவில்லை. அத்தகையோர் மருத்துவரிடம் தொற்றை மறைக்கும்போது, உயர்ந்த இயோசினோஃபில் எண்ணிக்கைக்கும் இரத்தச்சோகைக்கும் காரணம் தேடித் தேவையற்ற சோதனைகள் செய்யப்படுகின்றன. தேவையான சோதனைகள் தவறிப்போகவும் கூடும்.

எனவே தற்கண்காணிப்பு மருத்துவக் கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. நுண்ணோக்கியில் தெரியும் முட்டை, புழு இருக்கிறது என்ற ஒரே கேள்விக்கே உறுதியாக விடை தரும். அப்புழுவை உடல் தாங்குகிறதா என்பதற்கு இரத்தப் பரிசோதனையும், அதனால் நோய் தணிந்ததா என்பதற்கு மருந்துப்போலியுடன் ஒப்பிட்ட சோதனையும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* ஒட்டுண்ணி வாழ்வு
* கொக்கிப்புழு
* சுகாதாரக் கருதுகோள்
* குரோன் நோய்
* மருந்துப்போலி
* இரத்தச்சோகை